டேங்குக்கும் முள்ளுக்கும் இடையே

பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் பெட்ரோல் முள்ளை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். ஓடிய கிலோமீட்டர், பங்க்கில் கொடுத்த தொகை, டேங்குக்குள் விட்டுப் பார்க்கும் குச்சி என்று மாற்றுக் கணக்குகளில் வண்டி ஓடுகிறது. என்ஜினைப் பிரித்துப் பூட்டி, தகரத்தைத் தட்டி, பெயின்ட் அடித்து, சீட்டுக்குப் புது உறை போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பும் நிலையில் இருக்கும் வண்டியில்கூட அந்த முள் மட்டும் அடியில் படுத்துக் கிடக்கும். இல்லையென்றால் டேங்க் காய்ந்த பிறகும் நிறைந்திருப்பதாகவே காட்டும்.

வேலை கடினம் என்பதால் இப்படி விடப்படுவதில்லை. இந்தப் பழுதுக்குப் பொறுப்பாளி யாரும் இல்லை என்பதே காரணம். டேங்க் மெக்கானிக்கின் வேலை. வயரிங் எலெக்ட்ரீஷியனின் வேலை. டாஷ்போர்டில் இருக்கும் கேஜ் மீட்டர் பழுதுபார்ப்பவரின் வேலை. மூவரும் தத்தம் பங்கை மட்டும் பார்த்து 'இங்கே ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டால், கண்ணுக்கு நேரே தெரியும் கேஜ் மீது பழி விழுகிறது. அறுபது ஆண்டுப் பழைய, பிரிட்டனின் ஸ்மித்ஸ் நிறுவன டயலைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டுப் புதியதைப் பொருத்துகிறார்கள். புதியதும் அதே பொய்யைச் சொல்கிறது. கழற்றப்பட்ட டயல் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருந்திருக்கும். பழுது இருப்பது அதற்கும் டேங்குக்கும் நடுவே எங்கோ ஓர் இடத்தில்: துருவேறிய எர்த், தளர்ந்த இணைப்பு, செயலிழந்த ஸ்டெபிலைசர், ஓட்டை விழுந்த மிதவை. ஒழுங்காகத் தேடினால் ஒரு மல்டிமீட்டரும் ஒரு முழம் வயரும் போதும். ஆனால் தேடுவதற்கு முன் அந்த வண்டியில் இருப்பது எந்த வகைக் கேஜ் என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

மின்சாரம் இந்த வேலைக்கு வராத காலத்தில் சிக்கல் சிறியது. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி கார்கள் பெரும்பாலானவற்றில் முன் சீட்டைத் தூக்கினால் கீழே டேங்க். மூடியைத் திறந்து மரக்குச்சியை விட்டு ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதன் பின் வந்த மாடல் ஏ-யில் டேங்க் டாஷ்போர்டுக்கு நேர் பின்னாலேயே இருந்தது. மிதவையோடு சேர்ந்த அளவுத் தட்டே கண்ணாடிக்குப் பின்னால் ஏறி இறங்கும். வயரும் இல்லை, கம்பியும் இல்லை. அதில் வரக்கூடிய பெரிய பழுது கண்ணாடியைச் சுற்றியுள்ள கேஸ்கெட் காய்ந்து பெட்ரோல் கசிவதுதான். பிரான்சின் சித்ரோயன் 2சிவி தொடக்க ஆண்டுகளில் அளவுக்குச்சியோடுதான் வந்தது. 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரில் தயாரான ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் நெடுங்காலம் முள்ளுக்கு இடமே இல்லை. என்ஜின் தடுமாறும்போது டேங்க் குழாயை ரிசர்வுக்குத் திருப்பிக்கொண்டு அடுத்த பங்க்கைத் தேடியே ஒரு தலைமுறை பயணம் செய்தது.

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் கதை இந்த எல்லாக் கட்டங்களையும் ஒரே காரில் காட்டுகிறது. முதலில் கேஜ் கிடையாது. காலுக்கருகே இருந்த ரிசர்வ் நெம்புகோலே துணை. 1962-ஆம் ஆண்டு மாடலில் கேஜ் வந்தது, ஆனால் மின்சாரம் இல்லாமல். டேங்கில் மிதவை ஏறினால் அதோடு இணைந்த கேபிள் இழுபட்டு டாஷ்போர்டில் முள்ளை நகர்த்தும். 1968 மாடலில்தான் மின் கேஜ் ஸ்பீடோமீட்டருக்குள் இடம்பிடித்தது. ஆகவே பீட்டில் ஒன்றில் முள் பழுதென்றால், சாவியை அணைத்த பிறகும் அது அளவு காட்டுகிறதா என்று பார்த்தாலே போதும். காட்டினால் அது கேபிள் வகை. மல்டிமீட்டரைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, கேபிளின் இறுக்கத்தையும் உறைக்குள் ஏறிய துருவையும் கவனிக்கலாம்.

மின் கேஜ்களில் பெரிய குடும்பங்கள் இரண்டு. முதலாவது காந்தச் சுருள் வகை. கேஜுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள், நடுவே முள்ளோடு இணைந்த சிறு இரும்புத் துண்டு. ஒரு சுருள் ஒரு பக்கம் இழுக்கும், மற்றது வேறு பக்கம். டேங்கில் மிதவை ஏறி இறங்கும்போது அங்குள்ள மின்தடை மாறுகிறது. அதற்கேற்ப இரண்டு இழுப்புகளின் விகிதம் மாறி முள் நகர்கிறது. வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் இரண்டு சுருள்களும் சேர்ந்தே கூடிக் குறைவதால் அளவு அதிகம் பிசகாது. சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழும். வளைவில் பெட்ரோல் தளும்பினால் முள்ளும் கூடவே ஆடும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலும் பழைய பிரிட்டிஷ் கார்களிலும் இந்த வகையே.

இரண்டாவது வெப்ப வகை. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்று; அதைச் சுற்றி மெல்லிய சூடேற்றுக் கம்பி. டேங்கின் மின்தடை வழியே ஓடும் மின்னோட்டத்துக்கேற்பக் கம்பி சூடாகிறது, பட்டை வளைகிறது, முள் நகர்கிறது. சூடாக நேரம் பிடிக்கும் என்பதால் சாவியைத் திருப்பியபின் முள் நிதானமாகத்தான் ஏறும். தளும்பல் இதைப் பாதிக்காது. ஆனால் வோல்டேஜ் மாறினால் சூடும் மாறும். பேட்டரி 12 வோல்ட்டிலும், என்ஜின் ஓடி சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டிலும் ஒரே டேங்க் இரண்டு அளவு காட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த வகைக்கு ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் தேவைப்பட்டது. ஸ்மித்ஸ் கேஜ்கள் 1960-களில் இந்தப் பக்கம் திரும்பின. 1962-இல் அறிமுகமான எம்ஜிபி காரிலேயே முதலில் சுருள் வகையும், இரண்டு மூன்று ஆண்டுகளில் வெப்ப வகையும் வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கார்.

இந்திய வண்டிகளில் இதைப் பெயர்ப்பலகையை வைத்துச் சொல்லிவிட முடியாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழியில் 1950-களின் இறுதியில் தொடங்கிய அம்பாசடர் 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது. அரை நூற்றாண்டில் அதன் டாஷ்போர்டும் கருவிகளும் பலமுறை மாறின. 1960-களில் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். இந்த வண்டிகள் கைமாறிக் கைமாறி வரும்போது கிடைத்த கேஜும் கிடைத்த டேங்க் யூனிட்டும் (டேங்குக்குள் மிதவையும் மின்தடையும் சேர்ந்த பாகம்) பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே 'அம்பாசடர் என்றால் இந்த வகை' என்று தொடங்காமல், முள்ளின் நடத்தையைப் பார்த்துத் தொடங்குவதே சரி. துள்ளி எழுந்தால் சுருள், மெல்ல ஏறினால் வெப்பம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? தெருவில் எல்லோரும் செய்யும் சோதனை ஒன்று உண்டு: டேங்க் யூனிட்டில் இருந்து வயரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, வயர் நுனியை பாடியில் தொட்டுப் பார்ப்பது. நல்ல சோதனைதான். ஆனால் இரண்டு குடும்பங்களிலும் விடை நேர் எதிரானது. வெப்ப வகையில் வயர் துண்டிக்கப்பட்டால் மின்னோட்டம் நின்று முள் காலிக்கு விழும்; எர்த்தில் தொட்டால் முழு டேங்குக்கு ஏறும். சுருள் வகையில் வயர் துண்டிக்கப்பட்டால் முள் முழுமையையும் தாண்டி நிற்கும். எர்த்தில் தொட்டால் காலிக்கு விழும். இது தெரியாதவர் சுருள் வகைக் கேஜ் சரியாக வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே 'கேஜ் போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுவார். எப்போதும் நிறைந்தே காட்டும் முள் சுருள் வகையில் அறுந்த வயரையோ எர்த் இல்லாத டேங்கையோ குறிக்கும். வெப்ப வகையில் அதே அறிகுறி, வழியில் எங்கோ வயர் உரசி பாடியைத் தொடுகிறது என்பதைக் குறிக்கும்.

சோதனையில் முள் எதிர்பார்த்தபடி இரண்டு பக்கமும் போய்வந்தால் கேஜும் முன்னிருந்து பின்வரை செல்லும் வயரும் நலம். கோளாறு டேங்க் யூனிட்டிலோ அதன் எர்த்திலோதான். வெப்ப வகையில் வயரை எர்த்தில் நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது. முள் ஏறத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். கேஜைக் கழற்றி மேசையில் வைத்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் அதைவிட மோசம். உள்ளே இருக்கும் சூடேற்றுக் கம்பி கருகிவிட்டால் அந்த டயலுக்கு மறுவாழ்வு கொடுப்பது எளிதல்ல.

எர்த்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பழைய வண்டிகளில் அதிகம் அலைக்கழிப்பது அதுதான். டேங்க் யூனிட்டுக்குப் பல வண்டிகளில் ஒரே வயர்தான் வரும். திரும்பும் பாதை, யூனிட்டின் தகட்டிலிருந்து டேங்குக்கும், டேங்கிலிருந்து பட்டை அல்லது போல்ட் வழியாக சேஸிஸுக்கும் போகிறது. அந்தக் காலத்தில் உலோகத்தின்மேல் உலோகம் இருந்தது. இன்று வண்டியைப் புதுப்பிப்பவர்கள் டேங்கைத் தேய்த்து, பவுடர் கோட்டிங் கொடுத்து, அடியில் ரப்பர் பட்டை வைத்து, யூனிட்டுக்குப் புது கேஸ்கெட் போட்டுப் பூட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் நல்ல வேலை. எல்லாம் சேர்ந்து டேங்கை மின்சாரத்தின் கண்ணில் தனித்தீவாக்கிவிடுகின்றன. 'பெயின்ட் அடிப்பதற்கு முன் வேலை செய்தது, இப்போது செய்யவில்லை' என்று உரிமையாளர் சொன்னாலே எங்கே பார்ப்பது என்பது தெரிந்துவிடும். யூனிட்டின் தகட்டிலிருந்து சேஸிஸின் சுத்தமான ஓர் இடத்துக்குத் தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்தால் பல வண்டிகளில் முள் அந்த நிமிடமே உயிர்பெறும். தற்காலிகமாக வயரைத் தொட்டுப் பார்த்து முள் அசைந்தால், அதையே நிரந்தரமாக முறுக்கிப் பூட்டிவிடலாம். மூலவடிவத்தைக் காக்க விரும்புபவர்களுக்குக்கூட இந்த ஒரு கூடுதல் வயர் உறுத்தக் கூடாது. அது எதையும் மாற்றுவதில்லை, எளிதில் எடுத்துவிடலாம்.

முன்பக்க எர்த் பழுதானால் அடையாளம் வேறு. இண்டிகேட்டர் போட்டால் அதன் தாளத்துக்கு முள் துடிக்கும். ஹெட்லைட் போட்டால் அளவு மாறும். டாஷ்போர்டு கருவிகளெல்லாம் ஒரே தளர்ந்த இணைப்பின் வழியாகத் திரும்பிப்போகப் போராடுகின்றன என்று பொருள்.

அடுத்தது ஸ்டெபிலைசர். வெப்ப வகைக் கேஜ் உள்ள பிரிட்டிஷ் கார்களில் டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள்ளும் ஒரு ஈருலோகப் பட்டைதான். சூடானால் வளைந்து தொடர்பைத் துண்டிக்கும், ஆறினால் மீண்டும் சேரும். 12 வோல்ட் வந்துவந்து நிற்பதன் சராசரி 10 வோல்ட் அளவில் அமையும்படி அதை வடிவமைத்தார்கள். மெதுவாகச் சூடாகும் கேஜுக்கு அந்தச் சராசரியே போதுமானது. அமெரிக்க ஃபோர்டு கார்களிலும் இதே உத்தி உண்டு, சராசரி 5 வோல்ட்டை ஒட்டி. கிரைஸ்லரின் பல மாடல்களில் இந்தப் பாகம் பெட்ரோல் கேஜுக்குள்ளேயே அடைக்கப்பட்டிருந்தது. அது ஒட்டிக்கொண்டு முழு 12 வோல்ட்டையும் விட்டுவிட்டால், தான் இருக்கும் கேஜோடு பக்கத்துக் கேஜ்களையும் எரித்துவிடும்.

ஸ்டெபிலைசர் பழுதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் அதே பெட்டியிலிருந்து மின்சாரம் பெறும் வண்டிகளில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும். இரண்டும் சேர்ந்து செத்தால் பெட்டியின் தொடர்பு திறந்தே நின்றுவிட்டது. இரண்டும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால் அது துண்டிக்கும் வேலையைச் செய்யவில்லை. ஒன்று மட்டும் தவறினால் பெட்டி குற்றவாளி அல்ல. இந்த எளிய ஒப்பீட்டைச் செய்யாமல் என்ஜின் கொதிக்கிறது என்று ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. கோளாறு பெட்ரோல் முள்ளோடு பங்கிட்டுக்கொண்ட ஒரு தகரப் பெட்டியில் இருந்திருக்கும்.

இந்தப் பெட்டியும் எர்த்தை நம்பியே வாழ்கிறது. அதன் உடலே எர்த். பொருத்தும் திருகின் அடியில் துருவோ பெயின்ட்டோ இருந்தால் உள்ளே பட்டை சூடாகாது, தொடர்பு துண்டிக்கப்படாது, முழு வோல்டேஜும் கேஜுக்குப் போய்விடும். இன்னொரு நுட்பமும் உண்டு. ஸ்மித்ஸ் பெட்டியை மேல்பக்கம் மேலாகவே பொருத்த வேண்டும். சாய்த்தோ தலைகீழாகவோ வைத்தால் சூடு பரவும் விதம் மாறி அளவும் மாறும். டிஜிட்டல் மீட்டரை வைத்து இதன் வெளியீட்டை அளந்தால் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். அதைப் பழுது என்று எண்ணக் கூடாது, அதன் இயல்பே அதுதான். சிறு சோதனை பல்பை இணைத்து அது விட்டுவிட்டு எரிகிறதா என்று பார்ப்பது தெளிவான வழி.

இப்போது பலரும் தகரப் பெட்டிக்குள் 7810 என்ற மூன்று கால் ஐசி ஒன்றை வைத்துப் பூட்டுகிறார்கள். நிலையான 10 வோல்ட் கிடைக்கிறது, வெளித்தோற்றம் மாறுவதில்லை. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஒரே எச்சரிக்கை: 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த் முறையில், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தபடி, இருந்தன. எம்ஜிபி 1967-இல்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. பழைய முறை வண்டிக்கு 7810 பொருந்தாது, எதிர்வகையான 7910 வேண்டும்.

இனி டேங்க். அதைத் திறப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். காலி டேங்க் பாதுகாப்பானது என்ற எண்ணம் ஆபத்தானது. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பிடிக்கும். பெட்ரோல் இருக்கும் மூடிய டேங்கில் ஆவி இதைவிட மிக அடர்த்தியாக இருப்பதால்தான் உள்ளே மின்தடைக் கம்பிமேல் தொடுமுனை உரசியும் ஒன்றும் நேர்வதில்லை. டேங்கைக் காலி செய்து மூடியைத் திறந்துவிட்டால் காற்று நுழைந்து கலவை அந்த ஆபத்தான எல்லைக்குள் வந்துவிடுகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் ஒர்க்‌ஷாப்பின் பள்ளத்தில் தேங்கும். டேங்க் யூனிட்டைப் பிடித்திருக்கும் வளையத்தை இரும்பு ஸ்க்ரூடிரைவரால் தட்டித் திருப்பாமல் பித்தளைத் துண்டால் தட்டுவது பொறிக்குப் பயந்துதான். கழற்றிய யூனிட்டைத் திறந்த டேங்கிலிருந்து தள்ளி எடுத்துச் சென்றே சோதிக்க வேண்டும்.

மிதவையின் கையை அடியிலிருந்து மேல்வரை மெல்ல நகர்த்தி ஓம் அளவைப் பார்க்கலாம். எண் சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அறுந்து மீண்டும் வந்தால் அந்த இடத்தில் கம்பி தேய்ந்திருக்கிறது. எப்போதும் கால் டேங்க் அளவிலேயே வண்டி ஓட்டுபவர்களின் யூனிட்டில் அந்தப் பகுதி முதலில் தேய்வது இயல்பே.

மிதவைக்கு மூன்று பிறவிகள்: தக்கை, பித்தளை, பிளாஸ்டிக். பித்தளை மிதவை பற்றவைத்த விளிம்பில் மயிரிழை விரிசல் விட்டால் பெட்ரோல் உள்ளே ஊறி மூழ்கிவிடும்; டேங்க் நிறைந்திருந்தும் முள் காலி காட்டும். காதருகே வைத்துக் குலுக்கினாலே சத்தம் சொல்லிவிடும். கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து தள்ளி இறக்கிய நீரில் அமிழ்த்தினால் விரிசலிலிருந்து குமிழிகள் வரும். உள்ளிருப்பது முழுக்க வெளியேறும் முன் ஈயம் பற்றவைக்கப் போவது விபரீதம்.

தக்கை மிதவையின் நிலைமை இன்று தனிக் கவலைக்குரியது. பெட்ரோல் ஊறாமல் இருக்க அதன்மேல் அரக்குப் பூச்சு கொடுப்பது பழைய வழக்கம். பெட்ரோலில் அரக்கு கரையாது, ஆகவே அது ஆண்டுக்கணக்கில் தாங்கியது. ஆனால் மரவேலை ஆசாரிகள் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில், அதாவது எத்தனாலில். அதே எத்தனால்தான் இன்று பெட்ரோலோடு கலந்து வருகிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2023-இல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. அரக்குப் பூசிய தக்கை இதில் தாங்காது. பூச்சு கரைந்து, தக்கை ஊறிக் கனத்து, முள் மாதத்துக்கு மாதம் சற்றுக் குறைவாகக் காட்டத் தொடங்கும். கரைந்த அரக்கு ஃபில்டரையும் கார்புரேட்டரையும் தேடிப் போகும். எத்தனால் நீரையும் ஈர்ப்பதால் யூனிட்டின் உள்ளே துருவும் சேர்கிறது. தக்கையோடு ஓடும் வண்டியில் முள் பழுதாகும்வரை காத்திருக்காமல், எத்தனாலைத் தாங்கும் பிளாஸ்டிக் மிதவையாக இப்போதே மாற்றிவிடுவதுதான் அறிவுடைமை.

புது யூனிட் வாங்குபவர்களைப் பிடிக்கும் பொறி வேறு. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் யூனிட்கள் வேறுவேறு ஓம் கணக்கில் வருகின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் 1964 வரை காலிக்கு 0, முழுமைக்கு 30 ஓம் வைத்தது. 1965 முதல் 0, 90. ஃபோர்டும் கிரைஸ்லரும் தலைகீழாக, காலிக்கு 73 ஓம், முழுமைக்கு 10. ஸ்மித்ஸ் வெப்ப வகையில் காலி ஏறத்தாழ 250, முழுமை 20-ஐ ஒட்டி. 1964 ஷெவர்லே ஒன்றில் 90 ஓம் யூனிட்டைப் பொருத்தினால், மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் இருக்கும்போதே முள் முழு டேங்க் காட்டும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் முள்ளுக்கு எல்லாம் ஒன்றுதான். பழைய யூனிட் முற்றிலும் பழுதாவதற்குள் அதன் இரு முனை ஓம் அளவுகளையும் எழுதிவைத்துக்கொள்வது, பின்னால் கடைக்காரரிடம் கேட்கச் சரியான சொல்லைக் கொடுக்கும்.

பழுதே இல்லாத 'பழுது'களும் உண்டு. பெரும்பாலான டேங்குகள் நேர்ச் சுவர் கொண்ட பெட்டிகள் அல்ல. மேலே அகன்று கீழே குறுகியவற்றில் முள் முதல் பாதியை நிதானமாகவும் மறுபாதியை விரைவாகவும் கடக்கும். மூடியின் காற்றுத்துளை அடைத்து, பம்ப் உறிஞ்ச உறிஞ்ச டேங்க் உள்வாங்கிப்போன வண்டிகளில் அடித்தகடே மேலேறியிருக்கும். அங்கே கேஜைக் குறை சொல்லிப் பயனில்லை.

எல்லாம் முடிந்தபின் அளவைச் சரிசெய்ய வேண்டும். ஸ்மித்ஸ் வெப்ப வகைக் கேஜின் பின்புறத்தில் சிறு மூடிகள் அடைத்த இரண்டு துளைகள் இருக்கும். அவற்றின் வழியே மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் முள்ளின் இரு எல்லைகளையும் நகர்த்தலாம். இந்தத் துளைகள் இல்லாத கேஜ்களில் மிதவையின் கையைச் சற்றே வளைப்பதுதான் வழி. இரு முனைகளையும் ஒரே நேரத்தில் துல்லியமாக்குவது பழைய கருவிகளில் அரிது, அப்போது கீழ்முனைக்கே முன்னுரிமை கொடுக்க வேண்டும். முழு டேங்கில் முள் கோட்டுக்கு ஒரு முள் அகலம் கீழே நின்றால் யாரும் நடுவழியில் நிற்கப்போவதில்லை. டேங்கைக் காலி செய்து, 5 லிட்டர் ஊற்றி, வெப்ப வகை என்றால் முள் நிலைகொள்ள இரண்டு நிமிடம் விட்டு, சமதளத்தில் அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மேலும் ஐந்தைந்து லிட்டராக ஏற்றி ஒவ்வொரு நிலையையும் ஒரு தாளில் எழுதி வண்டியின் கையேட்டோடு சேர்த்து வைக்கலாம். அடுத்த முறை முள் சந்தேகம் எழுப்பும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் இருக்கும்.